கழுத்துக்குத் தனிக் கஞ்சி

காலையில் வீட்டைவிட்டுப் போகிற சட்டை சாயந்திரம் எப்படித் திரும்பி வரும்? முழங்கையில் நாலு சுருக்கம், முதுகில் நாற்காலியின் அச்சு, காலரில் வேர்வைக் கோடு. ஊரிலுள்ள எல்லாச் சட்டைக்கும் அதுதான் தலையெழுத்து. ஆனால் சனிக்கிழமை விறைப்பு வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டை மட்டும் போனதைவிட மிடுக்காக வந்து சேர்ந்தது. அதைக் கொடியில் போட்டுவிட்டு அவர் மனைவி கஞ்சியம்மா அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

மறந்தவர்களுக்கும், புதிதாக எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் ரெண்டே வரி.

விறைப்பு என்பது தெரு வைத்த பெயர். மனிதர் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஒரு நாளைக்குப் பத்துக் காதல் கல்யாணத்துக்காவது சிரித்த முகத்தோடு முத்திரை குத்துகிற கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை கிண்டுகிற ஒருத்தனை, வேறொரு அலுவலகத்தில் வேறொரு முத்திரை குத்திக் கட்டிக்கொண்டாள்.

"பசை கிண்டுறவனுக்கு என் பொண்ணா? இந்த வீட்டுல யாராவது அவ முகத்தைப் போய்ப் பாத்தா, அன்னையோட நான் செத்தேன்னு வெச்சுக்குங்க!"

வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொல்லும்போது காலர்கூட அசையவில்லை.

கஞ்சியம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டின் பின்பக்கத்தில் சலவைக்கடை நடத்துகிறவள், விடிந்ததிலிருந்து கஞ்சி கிண்டுகிறவள். பசை கிண்டுவதற்கும் கஞ்சி கிண்டுவதற்கும் என்னங்க வித்தியாசம் என்று அன்றைக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. நான் உட்பட.

இனி இந்தத் திங்கட்கிழமை.

விறைப்பு அலுவலகம் போய் அரைமணி ஆகியிருக்கும். கடையில் பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறியாயிற்று. கஞ்சியம்மா மரவள்ளி மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். அவசரக்காரர்கள் மாவை நேரே கொதிநீரில் கொட்டுவார்கள். கட்டி கட்டியாகத் திரளும். வெளியே வெந்து, உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். மனிதர்களில்கூட அப்படி உண்டு.

முதலில் பச்சைத் தண்ணீர். அதில் மாவு சும்மா மிதக்கும், விட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அரிசியோ, சோளமோ, மரவள்ளியோ, செடி தன் பசிக்கென்று பொடிப்பொடி மணிகளாகச் சேர்த்துவைக்கிற சத்து அது. கொதிநீர் பட்டதும் ஒவ்வொரு மணியும் ஊதும், வெடிக்கும், பக்கத்திலிருப்பதோடு பின்னிக்கொள்ளும். பால் மாதிரி இருந்தது கண்ணாடி மாதிரி ஆகும். அதில் துணியை முக்கிப் பிழிந்து காயவைத்து இஸ்திரி போட்டால், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு மெல்லிய சட்டை. அழுக்கு வந்தாலும் கஞ்சியின் மேல்தான் உட்காரும். அடுத்த சலவையில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். இருபத்தைந்து வருஷமாக விறைப்பின் விறைப்பெல்லாம் இந்தப் பாத்திரத்திலிருந்து வந்ததுதான்.

"என்ன அண்ணி, அந்தச் சட்டையை அப்படி முறைக்கிறீங்க? கடன் வாங்கிட்டு ஏமாத்திடுச்சா?"

கேட்டது நாத்தனார். விறைப்பின் தங்கை. கடையில் துணி வாங்கிப் போடுவதும் சீட்டு எழுதுவதும் அவள் வேலை. வந்துபோகிறவர்களின் வீட்டு விஷயம் விசாரிப்பது சம்பளமில்லாத உபவேலை.

"உங்க அண்ணன் சனிக்கிழமை எங்க போனாரு?"

"கிளை ஆபீஸ்ல தணிக்கைன்னாரே. எல்லாச் சனிக்கிழமையும் போறதுதானே."

"தணிக்கை பண்ணப் போன இடத்துல சட்டையைக் கழட்டித் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டுக் குடுப்பாங்களா?"

நாத்தனார் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நொடி கை நின்றது. அப்புறம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! இந்த வயசுலயா? சேச்சே, அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல. இருந்தாலும் ஆம்பளைங்களை என்னத்தச் சொல்றது? ஒண்ணு மட்டும் சொல்லணும் அண்ணி. யாரா இருந்தாலும், இஸ்திரி நல்லாப் போடுறா."

வாய் அழுதது, கண் அழவில்லை. என் சமையலறை ஜன்னல் அந்தக் கடைக்கு நேர் எதிரே திறப்பது என் குற்றமில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

கஞ்சியம்மா அலமாரியிலிருந்து பழுப்பு நிற அயோடின் புட்டியை எடுத்தாள். சாயம் போட வருகிற துணியில் பழைய கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதனால் துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது சலவைக்கடை வழக்கம். கஞ்சி இருந்தால் சொட்டு கருநீலமாகும். இல்லாவிட்டால் தன் பழுப்பு நிறத்திலேயே நிற்கும்.

சட்டையின் கைப்பட்டியைத் திருப்பி ஒரு சொட்டு விட்டாள். கருநீலம்.

"கஞ்சிதான். இதுக்கு மருந்து ஊத்திப் பாக்கணுமா?" என்றாள் நாத்தனார்.

கஞ்சியம்மா காலரைத் திருப்பினாள். உள்பக்கம் இன்னொரு சொட்டு.

அது நீலமாகவில்லை. செங்கல் நிறத்தில் சிவந்தது.

இதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. முன்பு விறைப்புக்குக் கழுத்தில் தடிப்பு வரும். காலர் நிமிர்ந்து நிற்கவும் வேண்டும், உறுத்தவும் கூடாது. கஞ்சியம்மா ஏதேதோ போட்டுப் பார்த்து, கடைசியில் ஒட்டரிசி மாவில் போய் நின்றாள். வெந்தால் விரலை விடாத அரிசி. அந்தக் கஞ்சி காலரை நிமிர்த்தும், ஆனால் வளைந்துகொடுக்கும், குத்தாது. அதனால் சட்டைக்கு மரவள்ளி, கழுத்துக்கு மட்டும் தனிக் கஞ்சி. ஊரில் வேறு எந்தச் சலவைக்காரரும் ஒரு சட்டைக்கு ரெண்டு பாத்திரம் ஏற்ற மாட்டார்கள்.

அது அயோடினுக்குச் சிவக்கும் என்று கண்டுபிடித்தது மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. மாவுச்சத்தில் ரெண்டு வகை இழை இருக்காம். ஒன்று சுருள் கம்பி மாதிரி, இன்னொன்று மரக்கிளை மாதிரி. சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால் நீலம். கிளையில் அதற்குச் சரியாக உட்கார இடமில்லை, அதனால் சிவப்பு. ஒட்டரிசியில் இருப்பது கிட்டத்தட்ட எல்லாமே கிளைதான். "அம்மா, உன் கஞ்சிக்குக் கையெழுத்து இருக்கும்மா!" என்று குதித்தாள் அந்தப் பெண்.

மகள் போன நாளிலிருந்து கஞ்சியம்மா கழுத்துக்குத் தனியாகக் காய்ச்சுவதை விட்டுவிட்டாள். அவர் உறுத்துகிறது என்பார். உறுத்தட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்தக் கஞ்சி தெரிந்தவர்கள் உலகத்தில் ரெண்டே பேர். ஒருத்தி இங்கே புட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாருன்னு தெரிஞ்சுதா அண்ணி?"

"தெரிஞ்சவதான்."

சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"அண்ணி! கஞ்சி! அடிபிடிக்குது!"

இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பாத்திரம் தீய்ந்தது அன்றைக்குத்தான்.

இனி வருவது என் ஜன்னலுக்கு எட்டாதது, பின்னால் கஞ்சியம்மா சொல்லக் கேட்டது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு ரெண்டு பஸ் மாற வேண்டும். வாசலில் நுழைந்ததும் அவள் மூக்கு முதலில் வேலை செய்தது. சோள மாவு, வெந்தும் வேகாததுமாக. உள்ளே அலை அலையாக மடித்த காகிதம் ரெண்டு தட்டைக் காகிதத்துக்கு நடுவே நுழைந்து, பசையில் ஒட்டி, அட்டையாக வெளியே வந்துகொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில், முழங்கை வரைக்கும் காய்ந்த பசையோடு மருமகன் நின்றான்.

பார்த்ததும் கையிலிருந்த துடுப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அத்தை?"

ரெண்டு வருஷமாக என்னென்னவோ திட்ட வேண்டுமென்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தாள். தொட்டியைப் பார்த்ததும் வாயில் வந்தது வேறு.

"பசை நீர்த்திருக்கே."

"ஆமா அத்தை. இப்பத்தான் மாவு சேத்தேன். இறுகிடும்."

கஞ்சியம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

"சனிக்கிழமை அவரு உங்க வீட்டுக்கு வந்தாரா?"

"மாமாவா? எல்லாச் சனிக்கிழமையும் வருவாரே. ஒன்றரை வருஷமா வர்றாரு." அவன் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியும்னுதானே சொன்னாரு?"

"வேற என்ன சொன்னாரு?"

அவன் துடுப்பை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தான்.

"சும்மா சொல்லுப்பா. இத்தனை தூரம் வந்துட்டேன்."

"நீங்கதான்... எங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாம். நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்குறேன், அவ பிடிவாதக்காரி, என்ன பண்றதுன்னு வருத்தப்படுவாரு. பாப்பா பொறந்தப்பகூட..."

"யாரு பொறந்தப்ப?"

துடுப்பு நின்றது.

"எட்டு மாசம் ஆகுது அத்தை. சனிக்கிழமை மாமா தோள்ல பால் கக்கிடுச்சு. அதான் அவ சட்டையைத் துவைச்சு..."

கஞ்சியம்மா பைக்குள் கை விட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போவதுபோல.

வீடு தொழிற்சாலைக்குப் பின் தெருவில், இரண்டாவது மாடி. கொடியில் கையகலத்தில் சின்னச் சின்னத் துணிகள். கஞ்சியில்லாமல், மெத்தென்று.

கதவு பாதி திறந்தது. மகள் மெலிந்திருந்தாள்.

"வழி தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாதுடி. இன்னைக்குக் காலையிலதான்..."

"என்னம்மா தெரியாது? அப்பா வாராவாரம் சொல்றாரு. கெஞ்சிப் பாத்தேன், வர மாட்டேங்குறான்னு. சொல்றப்ப அவருக்குக் கண்ணு கலங்கிடும்."

"பொய்டி அது."

"அப்பா எதுக்குப் பொய் சொல்லணும்? அந்த வேலை உன்னோடதுதானே. அவரு உள்ள உக்காந்திருக்கும்போதே 'வீட்டுல இல்லீங்க'ன்னு வாசல்ல நின்னு சொன்னது யாரு? அப்பா சொன்னா சொன்னதுதான், அப்பா வார்த்தை மாற மாட்டாருன்னு என்னை வளத்தது யாரு?"

அதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. சட்டைக்கு மட்டுமா கஞ்சி போட்டாள்? மகள் மனதில் அப்பா நிமிர்ந்து நிற்கிறாரே, அதுவும் இவள் கிண்டிப் போட்டதுதான்.

உள்ளே குழந்தை அழுதது. கஞ்சியம்மாவின் கால் தானாக ஓர் அடி முன்னால் போனது.

"அழுதா நான் பாத்துக்குறேன்."

"ஒரே ஒரு தடவை..."

"ரெண்டு வருஷம்மா. பிரசவத்துக்கு உள்ள போறப்பகூட வாசலைப் பாத்துக்கிட்டே போனேன்."

கதவு மூடியது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாக, தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்படி மூடியது.

கஞ்சியம்மா சட்டையை எடுத்துக் கதவின் கைப்பிடியில் மாட்டினாள். மூடிய கதவிடம் பேசினாள்.

"இந்தச் சட்டையைப் பாருடி. கைப்பட்டியில நீலம், காலர்ல சிவப்பு. நான் விட்ட சொட்டுதான். அவரு இங்க வர்றது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, யாரு போட்ட கஞ்சின்னு நான் எதுக்குச் சொட்டு விட்டுப் பாக்கணும்?"

குழந்தையின் அழுகை நின்றது. கதவு திறக்கவில்லை. இறங்கி வந்துவிட்டாள்.

அவள் கடைக்குத் திரும்பியபோது நாலு மணி. நாத்தனார் தீய்ந்த பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள். கஞ்சியம்மா புதிதாக மாவு கரைத்து, உலை வைத்து, ஒரு பாத்திரம் நிறையக் கஞ்சி காய்ச்சினாள். ஒரு கட்டி இல்லை. இறக்கிவைக்கும்வரை நாத்தனார் பொறுத்தாள். அதுவே பெரிய விஷயம்.

"போன இடத்துல என்னாச்சு அண்ணி? மூஞ்சி இப்படி ஆகிப்போச்சே. பேசினாளா? பாப்பாவையாவது கையில குடுத்தாளா?"

கஞ்சியம்மா கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் வைத்தாள்.

"நான் எங்க போனேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அது... ஒரு ஊகம்தான்..."

"பாப்பான்னு உனக்கு யாரு சொன்னா?"

நாத்தனார் சீட்டுக் கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணன்தான் யாருகிட்டயும் சொல்லாதன்னு... ரெண்டே தடவைதான் அண்ணி போனேன். ஒரு தடவை பொறந்தப்ப. இன்னொரு தடவை சும்மா."

"காலையில, இந்த வயசுலயான்னு கன்னத்துல கை வெச்சியே."

"உங்க நெனப்பு வேற பக்கம் போகட்டுமேன்னு..."

புருஷனுக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும், பேத்தி இருக்கிறாள் என்று மட்டும் தெரிய வேண்டாம். இப்படியும் ஒரு கரிசனம்!

ஆறு மணிக்கு விறைப்பு வந்தார். தங்கை தலை குனிந்து நிற்பதைப் பார்த்தார். மனைவி நிமிர்ந்து நிற்பதையும் பார்த்தார். வீட்டில் என்னவோ இடம் மாறியிருப்பது அவருக்கே புரிந்திருக்கும்.

"சனிக்கிழமைச் சட்டை எங்க? கொடியில காணோம்."

"துவைச்சவகிட்டயே குடுத்துட்டு வந்தேன்."

"யாருகிட்ட?"

"சொல்லலாமா? முகத்தைப் பாத்தா நீங்க செத்துடுவேன்னு சொல்லியிருக்கீங்க. ஒன்றரை வருஷமா நீங்க வாராவாரம் செத்துட்டு வர்றது எனக்குத் தெரியாமப் போச்சு."

விறைப்பு உட்கார்ந்தார். உட்காரும்போது காலர் கழுத்தில் குத்தியிருக்க வேண்டும், விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டார்.

"இங்க பாரு. ஊரறியச் சொன்ன வார்த்தை. நீ போனா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா என் பேச்சுக்கு என்ன மரியாதை?"

"சரி, என்கிட்ட சொல்லல. அதுக்கு என்னை ஏன் பிடிவாதக்காரி ஆக்குனீங்க?"

அவர் குரலில் இப்போது தலைமை எழுத்தர் இல்லை.

"அம்மா ஏன் வரலன்னு முதல் நாளே கேட்டா. நான்தான் தடுத்தேன்னு சொன்னா, என்னை உள்ள விட்டிருப்பாளா?"

"அதனால என்னை வெளிய தள்ளுனீங்க."

"நாளாவட்டத்துல சொல்லிச் சரிபண்ணிடலாம்னுதான்..."

"பிள்ளை நடக்க ஆரம்பிச்சப்புறமா? இல்ல, அதோட கல்யாணத்துக்கு முத்திரை குத்துறப்பவா?"

அப்போது பின்பக்கக் கதவைத் தட்டினார்கள். மருமகன். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான், கையில் இன்னும் பசையின் வெள்ளைக் கோடுகள். படிக்குக் கீழேயே நின்றான். மாமனார் பக்கம் திரும்பவில்லை. காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"அத்தைகிட்ட குடுக்கச் சொன்னா."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை. மத்தியானத்துல இருந்து துவைச்சுக்கிட்டே இருந்தாளாம். கொதிக்கிற தண்ணி மாத்தி மாத்தி ஊத்தி."

அவன் போய்விட்டான். கஞ்சியம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். அதே சட்டை. இன்னும் முழுதாகக் காயவில்லை. எடுத்தால் துவண்டு கையிலிருந்து வழிந்தது. அவள் விட்ட சொட்டுகளின் தடம்கூட இல்லை.

புட்டியை எடுத்தாள். கைப்பட்டியில் ஒரு சொட்டு, காலரில் ஒரு சொட்டு. நீலமாகவும் இல்லை, சிவக்கவும் இல்லை. ரெண்டும் தம் பழுப்பிலேயே நின்றன. நூலுக்குள் ஒரு துளி கஞ்சியை மிச்சம் வைக்காமல் அலசி எடுத்திருக்கிறாள்.

அந்தப் பெண் கைகழுவியது அப்பாவை மட்டுமா, சேர்த்து அம்மாவையுமா? சட்டையில் எழுதியிருக்கவில்லை. கஞ்சியம்மா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள், சட்டைப்பைக்குள் விரல் விட்டுத் துழாவினாள். அங்கேயும் ஒன்றுமில்லை.

"என்ன அது?" என்றார் விறைப்பு.

"உங்க சட்டை."

"நல்லதாப் போச்சு. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. கஞ்சி போட்டு வெச்சிடு."

பழக்கம் அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் அந்த மனிதருக்கு மறுநாள் சட்டை ஞாபகம் வரும்.

கஞ்சியம்மா சட்டையை உதறினாள். அவர் தோளில் போர்த்தினாள். அவர் அனிச்சையாகக் காலரைத் தூக்கி நிறுத்தினார். அது விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது.

"கஞ்சி?" என்றார்.

அவளுக்குப் பின்னால் பாத்திரம் நிறையக் கஞ்சி, கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு, சூடு ஆறாமல் இருந்தது.

"தீந்துபோச்சு" என்றாள்.